என் தெருவை நீக்காதீர்கள்

பிப்ரவரி 9

தங்கச்சிக்கு,

போனில் பேசினால் நீ குரலை உயர்த்துவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அம்மா போனதிலிருந்து நமக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நீ பாதியில் கிழித்தாலும் எனக்குச் சத்தம் கேட்காது.

விஷயம் இதுதான். எங்கள் தெருமுனையில் அரசாங்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சாயப் பட்டறைக்காரன் தெருவுக்குப் பின்னால் ரசாயனப் பீப்பாய்களைப் புதைத்துவிட்டு ஓடிப்போனானே, அந்த இடத்தைச் சுத்தம் செய்து முடித்துவிட்டார்களாம். நிலத்தடித் தண்ணீரும் தேறிவிட்டதாம். ஆகவே ‘ஆபத்தான கழிவு உள்ள இடங்களின் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கம்’ செய்யப் போகிறார்கள். ஆட்சேபணை இருந்தால் மாதக் கடைசிக்குள் எழுதித் தரலாம்.

நீக்கம்! எந்தப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கி யாருக்கு நல்லது நடந்திருக்கிறது, நீயே சொல்லு. வாக்காளர் பட்டியலில் நீக்கினால் ஓட்டு இல்லை. பென்ஷன் பட்டியலில் நீக்கினால் சாப்பாடு இல்லை. இந்தத் தெருக்காரர்களோ தலைகால் புரியாமல் குதிக்கிறார்கள். வீட்டு விலை ஏறுமாம். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் மாடி கட்டக் கம்பி இறக்கிவிட்டான்.

உனக்கென்ன நஷ்டம் என்று கேட்பாய். தண்ணி டாக்டர் வர மாட்டாள், அதுதான் நஷ்டம். சுற்றுச்சூழல் துறையிலிருந்து வரும் பரிசோதனைக்காரிக்கு நான் வைத்த பெயர் அது. என் வீட்டுப் பின்புறம் நிலத்தடித் தண்ணீரைப் பார்க்க ஒரு சோதனைக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் தண்ணீர் எடுக்க வருவாள். குழாய் மூடியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. “அக்கா, சாவி” என்று கையை நீட்டிக்கொண்டே உள்ளே நுழைவாள். பம்பைப் போட்டுப் பழைய தண்ணீர் எல்லாம் வெளியேறிய பிறகுதான் பாட்டிலில் பிடிக்க வேண்டும். அதுவரைக்கும் என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் கதை, மேலதிகாரி கதை எல்லாம் சொல்வாள். அவளுக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன். என் வழக்கம்போலக் கடைசிப் பொத்தானுக்கு மட்டும் சிவப்பு நூல்.

உன் அத்தான் போன பிறகு, துணியைக் கொடுத்துவிட்டு வாசலோடு போகாமல் என் வீட்டுக்குள் வந்து உட்காருகிறவள் அவள் ஒருத்திதான். நீ வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை.

ஆட்சேபணை கொடுத்துவிட்டேன். ‘என் தெருவை நீக்காதீர்கள், சோதனைக் குழாய்த் தண்ணீரில் மறுபடியும் நாற்றம் வருகிறது’ என்று எழுதியிருக்கிறேன். இனி மறுபடி பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

உன் பெரிய வீடு, தோட்டம், வீட்டுக்காரரின் புரொமோஷன் எல்லாம் சௌக்கியம்தானே? உன் பெண் சுண்டெலிக்கு என் முத்தம். அவளுக்கு அனுப்பிய கவுன் சரியாக இருந்ததா என்று இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

அக்கா

பிப்ரவரி 17

அக்காவுக்கு,

கவுன் கிடைத்தது. நன்றாக இருக்கிறது. இடுப்பில்தான் கொஞ்சம் தொளதொளவென்று நிற்கிறது. நீ அளவில் தப்பு செய்கிறவள் இல்லை, அவள்தான் சற்று இளைத்திருக்கிறாள்.

அந்த ஆட்சேபணையை வாபஸ் வாங்கு.

நிஜமாகவே நாற்றம் வருகிறதா? எனக்குத் தெரிந்து, உனக்கு எரிச்சல் வந்தால் உலகத்தில் எல்லாமே நாறும். உன் தெருவை இத்தனை வருஷமாக விஷத் தெரு என்றார்கள். சொந்தக்காரர்கள் உன் வீட்டுக்கு வந்தால் கையோடு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார்கள். இனிமேல் அந்தப் பெயர் கிடையாது என்று அரசாங்கமே சொல்கிறது. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். நீ மட்டும்தான் போகிற சனியனைக் கையைப் பிடித்து இழுக்கிறாய்.

அந்தத் தண்ணி டாக்டர் உனக்கு யார், கூடப் பிறந்தவளா? எனக்கு எழுதிய கடிதத்தில் எனக்கு நாலு வரி, மீதியெல்லாம் அவள்தான். சம்பளத்துக்கு வருகிறவளுக்குச் சட்டை தைத்துத் தருகிறாய். எனக்கு நீ கடைசியாகத் தைத்தது எப்போது என்று நான் மட்டும் கேட்கலாமா?

காரணம் கேட்காதே. வாபஸ் வாங்கு. நான் கெஞ்சுவதாகவே வைத்துக்கொள்.

தங்கச்சி

மார்ச் 12

தங்கச்சிக்கு,

நீயாவது, கெஞ்சுவதாவது. பள்ளிக்கூடத்தில் என் பென்சிலைப் பிடுங்கும்போதுகூட நீ ‘கொடு’ என்றுதான் சொன்னாயே தவிர ‘கொடேன்’ என்று சொன்னதில்லை. எங்கேயோ இடிக்கிறதே என்று யோசித்தேன். இப்போது விளங்கிவிட்டது.

தண்ணி டாக்டர் வந்தாள். குழாயைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, “என்னக்கா, போன தடவை கண்ணாடி மாதிரி இருந்துச்சே” என்றாள். முகம் வாடிப்போயிற்று. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனால் அவள் அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தாள். டீ குடித்துக்கொண்டே, “இங்க முடிஞ்சா அடுத்து எங்கே போவே?” என்று கேட்டேன். உன் ஊரைச் சொன்னாள். அங்கே பழைய பேட்டரி உடைத்த இடம் ஏதோ இருக்கிறதாம்.

ஆக, அதுதான் விஷயம். என் வீட்டுக்கு வருகிறவள் இனி உன் ஊருக்கு வரப்போகிறாள். உன் சோபாவில் உட்கார்ந்து உன் தோட்டத்தைப் பார்த்து ‘ஆகா’ என்று சொல்லப்போகிறாள். அதற்காகத்தான் என்னை வாபஸ் வாங்கச் சொல்கிறாய். எனக்கென்று ஒன்று இருந்தால் உனக்குக் கண்ணில் தூக்கம் வராது.

அம்மாவையும் இப்படித்தான் கொண்டுபோனாய். காரை இந்தத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, “இந்த விஷத் தண்ணியில எங்கம்மாவைச் சாகவிட மாட்டேன்” என்று நாலு பேர் கேட்கக் கத்தினாய். எங்கம்மாவாம்! எனக்கு அவள் யார், பக்கத்து வீட்டுக்காரியா? அதற்குள் லாரியில் நல்ல தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது. அதைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். நான் சொன்னதை நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசி மூன்று வருஷம் அம்மா உன் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் போட்டோக்களை மட்டும் எனக்கு அனுப்பினாய். ஒவ்வொரு போட்டோவையும் பார்த்து வயிறு எரிந்தேன். ஆமாம், எரிந்தேன். இப்போதும் எரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு தரம் கரு தங்காமல் போனதே, அது அந்தத் தண்ணீரால்தானா என்று தண்ணி டாக்டரிடம் ஒருநாள் கேட்டேன். “தெரியலக்கா. அப்படிச் சொல்லவும் முடியாது, இல்லேன்னு சொல்லவும் முடியாது” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நோட்டீஸில் ‘இனி மனிதர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை’ என்று போட்டிருக்கிறது. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது, எனக்கு எங்கே முடிந்தது? உனக்கு இதெல்லாம் புரியாது. உனக்குத்தான் சுண்டெலி இருக்கிறாளே.

வாபஸ் வாங்க மாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

உன் தண்ணி டாக்டர் என் வீட்டுக்கு வந்தார். நீ பயந்தபடி சோபாவில் உட்காரவில்லை. தோட்டத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து மண்ணைத் தோண்டிப் பையில் போட்டார்.

புரிகிறதா? அந்தப் பேட்டரி இடம் ஊரில் வேறு எங்கேயோ இல்லை. எங்கள் மதில் சுவருக்குப் பின்னால்தான். தாழ்வாக இருந்த எங்கள் மனையை மேடாக்க அந்தக் கழிவுச் சாம்பலையும் மண்ணையும்தான் கொட்டியிருக்கிறார்கள். அதன் மேல் வீடு கட்டி எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். நான் உனக்குப் பீற்றிக்கொண்டு போட்டோ அனுப்பிய தோட்டம் முழுக்க ஈயம். உன் தண்ணீரிலிருந்து அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று கொண்டுவந்து இந்த மண்ணில்தான் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்.

சுண்டெலி அந்த மண்ணில்தான் வளர்ந்தாள். அடிக்கடி வயிற்றுவலி என்றாள். பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று நான் இரண்டு அடிகூடப் போட்டேன். பிறகு எழுத்தெல்லாம் மறக்க ஆரம்பித்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது. “மருந்தெல்லாம் அப்புறம்மா, முதல்ல பிள்ளையை அந்த மண்ணுலேர்ந்து தள்ளி வைங்க” என்றார் டாக்டர். எங்கே தள்ளி வைப்பது? வீட்டை விற்கலாம் என்றால் வாங்குகிறவன் யார்? வீட்டுக்காரருக்குப் புரொமோஷன் இல்லை, வேலையே இல்லை. அதையும் நான் உனக்கு எழுதவில்லை. உன்னிடம் மட்டும் தோற்றுப்போகக் கூடாது என்று ஒரு வீம்பு.

சுத்தம் செய்யும் ஆட்களும் இயந்திரங்களும் உன் தெருக் கணக்கில் நிற்கிறார்கள். உன் தெருவைப் பட்டியலிலிருந்து எடுத்தால்தான் எங்கள் இடத்தைச் சேர்த்து இங்கே வேலையை ஆரம்பிப்பார்கள். அதற்காகத்தான் கெஞ்சினேன். நீ என்னவென்றால் சோபாவுக்குப் போய்விட்டாய்.

இனி கேள். வேலை முடிந்து கை கழுவும்போது அவர் ஒரு கதை சொன்னார். “ஒரு இடத்துல ஒரு அக்கா, நாங்க வர்றது நின்னுடப் போகுதேன்னு சோதனைக் குழாயில தையல் மெஷின் எண்ணெயை ஊத்திட்டாங்க. லேபுல பார்த்தா பழைய ரசாயனம் ஒண்ணுகூட இல்ல, எண்ணெய் மட்டும் மிதக்குது. அவங்க ரூம்ல அடிக்கிற அதே வாசனை. எனக்குக் கோபமே வரல. அழுகைதான் வந்துச்சு. குழாயைச் சுத்தம் பண்ணி மறுபடி எடுத்திருக்கேன்” என்றார். அந்தச் சமயம் பார்த்துச் சுண்டெலி உன் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவர் அந்தச் சிவப்பு நூலைப் பார்த்தார், தன் சட்டையைக் குனிந்து பார்த்தார், அவசரமாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எண்ணெய் ஊற்றினாயா, அக்கா? ஒருத்தி உன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பதற்காகவா? இங்கே என் பிள்ளைக்குத் தன் பெயரை எழுத மறந்துபோகிறது.

எனக்கு எது அதிகம் சுட்டது தெரியுமா? அவர் உன்னைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் இருந்த பிரியம். என் அக்காவைப் பற்றி எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் வயிறு இருக்கிறது, அதுவும் எரியும்.

தங்கச்சி

ஏப்ரல் 21

அடியே,

உன் கடிதம் வந்த மறுநாளே துறை அலுவலகத்துக்குப் போய் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிவிட்டேன். “என்னம்மா, நாத்தம் போயிடுச்சா?” என்றார் குமாஸ்தா. “நாத்தம் தண்ணியில இல்லைங்க, எங்கிட்டதான் இருந்துச்சு” என்றேன். எண்ணெய் ஊற்றியதையும் சொன்னேன். ரொம்ப நேரம் திட்டினார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள் என்று எழுதியிருக்கிறாயே, உனக்குக் கை எப்படி வந்தது? உன் கடிதத்தை மெஷின் மேல் வைத்துவிட்டு அன்றைக்கு ஒரு தையல்கூடப் போடவில்லை. கவுன் தொளதொளப்பதாக நீ எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது உன்னைக் குத்திக்காட்டுவதிலேதான் கண்.

சுண்டெலியை இங்கே அனுப்பு.

கோபப்படாமல் மேலே படி. தண்ணி டாக்டர் மறுபடி எடுத்த தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. “மண்ணையும் எடுத்துப் பாரு. வாசல், பின்புறம், பிள்ளை ஓடுற இடமெல்லாம் எடுத்துப் பாரு. ஈயம் இருக்கான்னும் பாரு” என்று அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டேன். “நாத்தம் அடிக்குதுன்னு புகார் கொடுத்த அதே வாய்தானாக்கா இது?” என்றாள். எடுத்தாள், பார்த்தாள், ஒன்றும் இல்லை. “உம் பொண்ணா இருந்தா இங்க விளையாட விடுவியா?” என்று கேட்டேன். “கண்ணை மூடிட்டு விடுவேன்கா” என்றாள்.

இனி அவள் உன் பக்கம்தான் அடிக்கடி வருவாள். டீ வேண்டாம் என்பாள், இரண்டாம் தரம் கேட்டால் குடிப்பாள். சர்க்கரை அரை ஸ்பூன். முட்டி வலி இருக்கிறது, தாழ்வான முக்காலியாகப் பார்த்துப் போடு. மாமியார் கதையை ஆரம்பித்தால் நடுவில் புத்தி சொல்லாதே, ‘அப்படியா’ என்று மட்டும் கேட்டுக்கொள். சட்டை மட்டும் நீ தைத்துக் கொடுக்காதே. உனக்கு நேராகத் தைக்கவும் வராது, எனக்குப் பொறுக்கவும் பொறுக்காது.

அக்கா

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன எழுதுவது? அம்மாவை உன் தெருவில் விட மாட்டேன் என்று கத்திய அதே வாயால் மகளை எப்படி அனுப்புவது? வீட்டுக்காரர்தான், “உங்க அக்காவுக்கும் உனக்கும் எப்பவுமே போட்டிதான். அதைப் பார்த்துக்கிட்டிருந்தா பிள்ளையை யாரு பார்க்கிறது?” என்றார். அவர் இப்படிப் பேசுகிறவரே இல்லை.

சனிக்கிழமை கொண்டுவந்து விடுகிறேன். இந்தத் தடவை காரைத் தெருமுனையில் நிறுத்த மாட்டேன். கார் இல்லை என்பது வேறு விஷயம்.

சிலது சொல்லிவிடுகிறேன், திட்டாதே. அவள் உன்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். தப்பித்தவறி வெறும் ‘அம்மா’ என்று வந்தால் திருத்திவிடு. நீ அவளைத் தாங்கு தாங்கென்று தாங்குவாய், எனக்குத் தெரியும். என்னைத் தாங்கியது போலவே தாங்குவாய். அப்புறம் அவள் என்னிடம் எதற்குத் திரும்பி வரப்போகிறாள்?

தலை வாரும்போது கதை கேட்பாள். நான் பாதியில் விட்டிருக்கும் கதையை நீ முடித்துவிடாதே. வேறு கதை சொல்லு. மாத்திரையும் பால், முட்டை கணக்கும் தனித்தாளில் எழுதித் தருகிறேன். மண்ணைக் கண்டால் பயப்படுவாள். ‘தொடாதே, கையைக் கழுவு’ என்று கத்திக் கத்தி நான்தான் அப்படி ஆக்கிவைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழுவுவாள் என்று கணக்கே இல்லை, விரலெல்லாம் வெடித்திருக்கிறது. விரலுக்கு எண்ணெய் தடவு. உன் மெஷின் எண்ணெய் வேண்டாம்.

தங்கச்சி

ஜூன் 20

தங்கச்சிக்கு,

பட்டியல் வந்துவிட்டது. தண்ணி டாக்டர் கொண்டுவந்து காட்டினாள். என் தெரு நீக்கப்பட்டவற்றில், உன் தெரு சேர்க்கப்பட்டவற்றில். ஒரே தாளில் நாம் இரண்டு பேரும். கடைசியில் நீயும் என் இடத்துக்கு வந்து சேர்ந்தாய் என்று ஒரு நிமிஷம் கொஞ்சம் இளப்பமாகவே நினைத்தேன். பிறகு உன் இடத்துக்கு நான் வந்திருப்பது உறைத்தது.

குழாயைச் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் போகும்போது, “ஞாயித்துக்கிழமை வரலாமாக்கா? சும்மாதான்” என்றாள். சும்மா வருவாளாம்! இத்தனை நாளும் குழாய்க்காகத்தான் வருகிறாள் என்று நினைத்து எண்ணெயை வேறு வீணாக்கினேன்.

சுண்டெலியின் கவுனை இடுப்பில் பிடித்துத் தைத்திருந்தேன், இப்போது பிரித்துவிட வேண்டியதாகிவிட்டது. ரத்தத்தில் ஈயம் இறங்குகிறது, இன்னும் இறங்க வேண்டும் என்கிறார் டாக்டர். பெயரைத் தப்பில்லாமல் எழுதுகிறாள். படித்தது சிலது இன்னும் நழுவுகிறது, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ‘அம்மா’ என்று கையை நீட்டினாள். திருத்தலாம் என்று பார்த்தால் அவள் உன்னைத்தான் தேடியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். உனக்கு நிம்மதிதானே? எனக்கு அன்றைக்கு முழுக்க ஆற்றாமை.

வந்த நாளிலிருந்து வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். தெருப் பிள்ளைகள் கூப்பிட்டாலும் மண்ணில் கால் வைக்க மாட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. நேற்று எலக்ட்ரீஷியன் வீட்டுப் பிள்ளைகள் மழைத் தண்ணீருக்கு அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்று பார்த்தாள். நான் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக இறங்கிப் போனாள், உட்கார்ந்தாள், அப்புறம் ஆளையே காணோம்.

சாப்பிடக் கூப்பிட்டபோது முழங்கை வரை சேறு. தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“பெரியம்மா, இது விஷமா?” என்றாள்.

“இல்லடி கண்ணு, வெறும் அழுக்கு” என்றேன்.

“வெறும் அழுக்கா?”

“வெறும் அழுக்குதான். போய்க் கழுவிட்டு வா. எல்லா வீட்டுலயும் சாப்பிடறதுக்கு முன்னாடி கழுவுவாங்கல்ல, அதுக்குத்தான்.”

ஒரே ஒரு தரம் கழுவினாள். சரியாகக்கூடக் கழுவவில்லை, நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. அந்தக் கையோடு சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து அந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், என் சோறு இறங்கவில்லை. “அம்மாகிட்ட நாந்தான் சொல்லுவேன், நீங்க சொல்லக் கூடாது” என்று கண்டிஷன் வேறு போட்டிருக்கிறாள். நாளைக்குப் போனில் உன்னிடம் சொல்வாள். இந்தக் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும் என்று தெரியும். தெரிந்தும் முந்தி உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்கா